நீளாத தண்டு

மரகதக்காவின் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு சீடர்கள் இருந்தார்கள். சென்னியப்பன், டேவிட்ராஜ். இருவரும் அக்காவைவிட வயதில் மூத்தவர்கள். வித்தையில் இளையவர்கள் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அக்காவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் கார் பந்தயம். இருவரும் சேர்ந்து ஒரு பழைய காரைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். சேர்ந்து என்றால், பேசாமல்.

சண்டை ராட் எண்டில் தொடங்கியது. பின்சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து நிறுத்த ஒரு தண்டு உண்டு. அதன் இரண்டு முனையிலும், நடுவில் உருண்டை அசைகிற ஓர் இரும்புக் கண் மாட்டுவார்கள். அதுதான் ராட் எண்டு. உள்ளே பூச்சு வைத்த, சத்தம் போடாத ரகம்தான் வேண்டும் என்றார் சென்னியப்பன். பூச்சு ஒரே மழையில் போய்விடும், கிரீஸ் போடுகிற வெறும் இரும்புதான் வேண்டும் என்றார் டேவிட்ராஜ். பேச்சு ராட் எண்டிலிருந்து நட்டுக்குப் போய், நட்டிலிருந்து வாஷருக்குப் போய், வாஷரிலிருந்து ஒருவர் மற்றவரின் குடும்பத்துக்குப் போய் நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் அக்கா வழியாகத்தான்.

"அவருகிட்டச் சொல்லுங்க்கா, ஸ்பேனரை எடுத்த எடத்துல வெக்கச் சொல்லி."

டேவிட்ராஜ் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். "நான் எடுக்கலைன்னு சொல்லுங்க்கா."

"எடுக்கலையாமா," என்றார் அக்கா.

"அப்பறம் கால் மொளச்சுப் போச்சான்னு கேளுங்க்கா."

அக்கா கேட்டார்.

கடைசியில் ஆளுக்கு ஒரு முனை என்று தண்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பெஞ்சு. அவரவர் முனைக்கு அவரவர் ராட் எண்டு, அவரவர் வெட்டிய திருகு மரை, அவரவர் இறுக்கிய லாக் நட்.

தண்டை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். கார் இடப்பக்கம் இழுத்தது. தண்டு ஒரு நூல் நீள வேண்டும். அதற்கென்றேதான் மரை. இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கிற குழாயைத் திருகினால் போதும்.

சென்னியப்பன் திருகினார். தண்டு நீளவில்லை. குழாய் மட்டும் அவர் பக்கம் நகர்ந்தது.

"பாருங்க்கா, தன் பக்கமா இழுத்துக்கறாரு," என்றார் டேவிட்ராஜ். பிறகு தானே எதிர்ப்பக்கம் திருகினார். குழாய் அவர் பக்கம் வந்தது. நீளம் அதே நீளம்.

சாயங்காலம் வரை குழாய் போய்ப் போய் வந்தது.

அக்கா கை கழுவிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"சென்னி, உங்க முனை எந்த மரை?"

"வலது மரைங்க்கா. அவரு இடது போடுவாருன்னு நெனச்சேன்."

"உங்களுது?"

"வலதுதானுங்க்கா. அவரு இடது போடுவாருன்னு நானு நெனச்சேன்."

"அதான். ஒண்ணு வெளிய வர்றப்ப இன்னொண்ணு உள்ள போகுது. ஒரு முனை வலது, ஒரு முனை இடதுன்னா, திருகினா ரெண்டும் சேர்ந்து வெளிய வரும்."

"அப்ப இடது யாருதுங்க்கா?"

"யாருதா இருந்தாலும் தண்டு நீளும்."

மறுநாள் காலையில் சென்னியப்பன் தனியே வந்து நின்றார்.

"இனி ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்க முடியாதுங்க்கா. யாராச்சும் ஒருத்தர் வேற ஒர்க்‌ஷாப் பாத்துக்க வேண்டியதுதான். நானா அவரான்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

"தண்டு நீளட்டும். அப்பறம் சொல்றேன்."

சற்று நேரம் கழித்து டேவிட்ராஜ் வந்தார். அதையே கேட்டார். அதே பதில்தான் கிடைத்தது.

மத்தியானம் டேவிட்ராஜ் சாப்பிடப் போயிருந்தபோது, சென்னியப்பன் தன் முனையை அறுத்தெடுத்து இடது மரை வைத்துப் பற்றவைத்தார். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. பழக்கம் இருபது வருடப் பழக்கம். ஒரு மரைக்காக அது போக வேண்டாம் என்று தோன்றியிருக்கும்.

பிறகு அவர் வாஷர் வாங்கக் கடைக்குப் போனார். டேவிட்ராஜ் ரம்பத்தை எடுத்தார்.

சனிக்கிழமை காலை தண்டை மாட்டினார்கள். சென்னியப்பன் முகத்தில் ஒரு பெருந்தன்மை தெரிந்தது. டேவிட்ராஜ் முகத்திலும் அதே அளவு தெரிந்தது. இருவரும் ஆளுக்கொரு கையால் குழாயைத் திருகினார்கள்.

குழாய் டேவிட்ராஜ் பக்கம் நகர்ந்தது.

எதிர்ப்பக்கம் திருகினார்கள். சென்னியப்பன் பக்கம் வந்தது.

பிறகு சென்னியப்பன் அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"நான் இடதா மாத்திட்டேனுங்க்கா. போகட்டும், நாமளே விட்டுக்கொடுத்துரலாம்னு."

டேவிட்ராஜ் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரும் அக்காவைத்தான் பார்த்தார்.

"நானும் மாத்திட்டேன்னு அவருகிட்டச் சொல்லுங்க்கா. நானும் அவருக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன்."

இந்த முறை அக்கா சொல்லவில்லை.

"நாளைக்குப் பந்தயமுங்க்கா," என்றார் சென்னியப்பன். "ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தும் நீள மாட்டேங்குது. இனி என்ன பண்றது? யாரு போறது?"

மரகதக்கா ரம்பத்தை எடுத்து இருவருக்கும் நடுவில், தரையில் வைத்தார்.

"விட்டுக்கொடுத்ததை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"