மாரக்காள் காலடியில் சிவப்புத் தாள்

ஒரு பள்ளிக்கூடத்தில் மடிக்கணினி ஒன்று காணாமல் போனது. தாளாளர் ரோபோ வகுப்பின் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, துப்புரவு வேலை செய்யும் மாரக்காளையும் மற்ற ஊழியர்களையும் ரோபோ ஊர்ந்து போவதற்காகத் தரையில் போட்டிருந்த கறுப்புக் கோட்டோரம் அவரவர் இடம் காட்டி நிறுத்தினார்.

"செத்துப்போன நம்ம நிறுவனர் இந்த ரோபோவுக்குள்ள வருவார். திருடினவங்க முன்னால இது நின்னுடும்" என்றார்.

தலை குனிந்த மாரக்காள் கண்ணில், காலடியில் கோட்டின் மேல் ஒட்டியிருந்த சிவப்புத் தாள் பட்டது. சிவப்பைக் கண்டால் நிற்கும்படி பிள்ளைகள் ரோபோவுக்குக் கட்டளை எழுதி விளையாடுவதை அவள் தினமும் பார்ப்பவள். அரையிருட்டில் அதை உரித்து எடுத்துக்கொண்டாள்.

கிர்ரென்று ஊர்ந்துவந்த ரோபோ அவள் கால்விரலை உரசிக்கொண்டு தாண்டிப் போனது.

"இங்க ஒட்டின சிவப்புத் தாள் எங்கே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார் தாளாளர்.

"செத்தவருக்குத் தாள் எதுக்குங்க ஐயா?" என்றாள் மாரக்காள்.

மறுநாள் மடிக்கணினி தாளாளரின் காரிலிருந்தே இறங்கியது.