எந்த மாசி

கடலோரப் பட்டணம் ஒன்றில் நூஹு லெப்பை என்று ஒருவர் இருந்தார். மதரசாவில் ஓதிக்கொடுப்பவர். சொல்லுக்குப் பொருள் சொல்வதில் பேர்போனவர். அரபுச் சொல்லோ தமிழ்ச் சொல்லோ, அதன் வேரைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அவருடைய ஒரே மகன் கிதுரு, மாலத்தீவுக்கு அரிசி கொண்டுபோகும் தோணியில் ஏறினான். புறப்படும்போது, "மாசியோட வர்றேன் வாப்பா" என்றான்.

தோணி தீவைப் போய்ச் சேரவும் இல்லை. திரும்பி வரவும் இல்லை.

அவன் போனது ஒரு கார்த்திகையில். அந்த மாசி மாதம் கழிந்தது. அடுத்த மாசியும் கழிந்தது. மகனைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் லெப்பை எழுந்து போய்விடுவார்.

ஒருநாள் மருமகள் ஜைனம்புவின் வாப்பா வந்தார்.

"மச்சான், எம்மவ நாலு மாசம் பத்து நாள் துக்கம் காத்து இத்தா இருக்கட்டும். அது முடிஞ்சா அவளுக்கும் மறுகல்யாணத்துக்கு ஒரு வழி பொறக்கும். பிள்ளை மவுத்தாயிட்டான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஜமாஅத்து ஒத்துக்கிடும்."

"பொறுங்க" என்றார் லெப்பை.

"இன்னும் எத்தனை காலத்துக்கு?"

கதவுக்குப் பின்னால் ஜைனம்பு நின்றிருந்தாள். அவளுடைய வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அன்று அசர் தொழுகை முடிந்ததும் லெப்பை தம் குருவான ஹஜ்ரத்தைத் தேடிப் போனார். ஹஜ்ரத் அவரைவிட வயதில் இளையவர். தீவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பாஷை அறிந்தவர்.

"ஹஜ்ரத், மாசிங்கற சொல்லு எங்கேயிருந்து வந்துச்சு?"

"கறியில போடுற மாசிக் கருவாடா?"

"அதுதான்."

"தீவுலேர்ந்து வந்ததுதான். அவங்க மீனை 'மஸ்'னு சொல்லுவாங்க. சூரை மீனை வெட்டி, உப்புத் தண்ணியில அவிச்சு, புகைபோட்டு, வெயில்ல காயவைப்பாங்க. விறகாட்டம் இறுகிடும். அந்த மஸ் நம்ம கரையில இறங்கி மாசி ஆயிட்டுது."

லெப்பையின் முகம் தெளிந்தது. நெடுநாளைக்குப் பிறகு அவர் வேகமாகப் பேசினார்.

"அப்ப அவன் மீனைத்தான் சொல்லியிருக்கான்! மாசத்தைச் சொல்லலை. கெடு எதுவும் வைக்கலை. சரக்கு கிடைக்கிற வரைக்கும் எங்கேயாவது ஒதுங்கியிருப்பான். இல்லையா ஹஜ்ரத்?"



"அந்தத் தீவுல மாசத்துக்கும் 'மஸ்'னுதான் பேரு" என்றார் ஹஜ்ரத்.

"மீனுக்கும் மாசத்துக்கும் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்லு. சதைக்கும் அதுதான்."



"நான் எல்லாருக்கும் அர்த்தம் சொல்லிக் கொடுத்தவன். எம்புள்ள சொன்ன ஒத்தைச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாம வீட்டுக்குள்ள போக முடியலை. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலை. எந்த மாசின்னு நீங்களாவது சொல்லுங்க."

ஹஜ்ரத் எழுந்து உள்ளே போனார். அடுக்களையிலிருந்து ஒரு மாசித் துண்டை எடுத்து வந்து லெப்பையின் உள்ளங்கையில் வைத்தார்.

கறுத்து, கல்லாக இருந்தது. லெப்பை மோந்து பார்த்தார். புகை நாற்றம்தான் அடித்தது. அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அழுதார். மகன் போன பிறகு அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

ஹஜ்ரத் தடுக்கவில்லை. அழுகை ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாசிக்கு எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லிட்டேன் லெப்பை. அவன் சொன்னதுல இன்னொரு சொல்லும் இருந்துச்சே. அதுக்கு நீங்க அர்த்தமே கேட்கலையே?"

"எந்தச் சொல்லு?"

"'வர்றேன்.' போறேன்னு சொல்லாம, வாசப்படி இறங்குறவங்க எல்லாரும் சொல்றதுதான். நம்ம பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்?"

லெப்பைக்கு அர்த்தம் தெரியும்.

மாசித் துண்டைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார். எப்போதும் குருவிடம் சொல்லிக்கொண்டுதான் போவார். அன்று சொல்லிக்கொள்ளாமலே இறங்கி, சம்பந்தி கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் வீட்டை நோக்கி நடந்தார்.