மத்தளம் இல்லாமல் வந்த புலி

நான் ஒரு நரி. காட்டில் மற்ற நரிகளெல்லாம் தந்திரத்தால் பிழைக்கின்றன. எனக்கு அந்த மூளை இல்லாததால் கூத்துக்கு வந்துவிட்டேன். அல்லிக்குளத்துக் கரையில் புலி வேடம் கட்டுவேன். உடம்பெல்லாம் கரிக்கோடு, பின்னால் வைக்கோல் வால்.

எங்கள் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் குரங்கு சடையன் மத்தளத்தை அதிர அடிப்பான். நான் திரையைக் குலுக்கி, பின்னாலிருந்து உறுமுவேன். அவ்வளவுதான், மான்கள் புதருக்குள் ஓடும். முயல்கள் வளைக்குள் விழும். ‘என்ன நடிப்பு!’ என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன். வேறு யார் மெச்சுவார்கள்?

ஒரு நாள் மாலை, என் முறை வருவதற்கு முன்பே நிஜப் புலி மேடைக்கு வந்துவிட்டது. வயதான புலி. கடும் பசி. கூட்டத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டியது.

யாரும் அசையவில்லை!

“யாரு இந்தக் கிழவரு? மத்தளமே அடிக்கலை, அதுக்குள்ள வந்துட்டாரே!” என்றாள் முன்வரிசையில் இருந்த முயல் பொன்னாத்தா.

“நடையைப் பாரு! புலி இப்படியா நடக்கும்?” என்றது ஒரு மான்.

நான் மேடைக்கு ஓடிவந்து கத்தினேன். “ஓடுங்க! இது நிஜப் புலி! சத்தியமாச் சொல்றேன்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புலி பொன்னாத்தாவை நோக்கி நகர்ந்தது.

“கொஞ்சம் தள்ளுங்க ஐயா, மேடை மறைக்குது!” என்றாள் அவள்.

இனியும் நான் உண்மையை நம்பிக்கொண்டிருந்தால் பொன்னாத்தா பிழைக்கமாட்டாள். திரைக்குப் பின்னால் பாய்ந்தேன். “அடிடா சடையா!” மத்தளம் அதிர்ந்தது. திரையைக் குலுக்கி, தொண்டை கிழிய உறுமினேன்.

“ஐயோ, புலி!”

கண்மூடித் திறப்பதற்குள் கரை காலியானது. ஏமாந்த புலி என்மேல் பாய்ந்தது. அதன் வாயில் அகப்பட்டது வைக்கோல் வால் மட்டுமே. அன்று நான் ஓடிய ஓட்டத்தில் நடிப்பே கிடையாது.

மறுநாள் பொன்னாத்தா என்னைத் தேடி வந்தாள். உயிரைக் காப்பாற்றியவன் அல்லவா? மாலை போடுவாள் என்று கழுத்தை நீட்டினேன்.

“உறுமல் பிரமாதம் தம்பி! ஆனா நடுவுல வந்து ‘ஓடுங்க, ஓடுங்க’ன்னு கத்தினியே, அதுதான் கொஞ்சமும் நம்புற மாதிரி இல்லை. நடிப்பு வராத இடத்துல பேசாம இருந்துடணும்!” என்றாள்.

நீதி: உண்மையாக இருப்பது மட்டும் போதாது, பார்ப்பவர்களுக்குப் பழகிய வேடத்தில் வந்தால்தான் மேடையில் உண்மையையும் நம்புவார்கள்.