நந்தியாவட்டையைத் தின்ற ஆடு

உமையாள் அம்மையின் மடத்தில் பூசைக்கு நந்தியாவட்டைதான். குச்சி நட்ட நாளிலிருந்து அந்தச் செடியைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர் செண்ட்ராயன். சீடர்தான், ஆனால் அம்மையைவிட வயதில் மூத்தவர். கோபத்திலும் மூத்தவர்.

அன்று விடிந்து பார்த்தால் ஒரு கிளை மொட்டையாக நிற்கிறது. அடியில் கறுப்புக் கறுப்பாய்ப் புழுக்கை. அவ்வளவுதான், அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியின் ஆட்டை இழுத்துவந்து மடத்துத் தூணில் கட்டிப்போட்டார்.

பேச்சி வாசலில் வந்து நின்றாள். வேலி தாண்டத் தெரியாத ஆடு அது, கொம்புகூட முளைக்காத மோழை, வீட்டில் குட்டி பாலுக்குக் கத்துகிறது என்று முறையிட்டாள். கத்தட்டும் என்றார் இவர். சாமி பூவில் வாய் வைத்த ஆட்டை அவிழ்த்து விடுவதாவது.

அவள் நகர்வதாக இல்லை. நியாயம் கேட்க இவரே அம்மையிடம் போனார்.

"வந்து பாருங்கம்மா இந்த அநியாயத்தை."

அம்மை செடியருகே உட்கார்ந்து ஒரு புழுக்கையை உள்ளங்கையில் உருட்டினாள்.

"மிளகளவுதான் இருக்கு."

"சின்ன ஆடும்மா."

அம்மை ஓர் இலையைத் திருப்பினாள். விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு, மஞ்சள் கொம்போடு. செண்ட்ராயன் விரலை நீட்டி ஏசினார். அது உடம்பைச் சுருக்கி, இரண்டு நீலக் கண்களை உருட்டிக் காட்டியது.

"தின்னதும் தின்னுட்டு முறைக்குது பாருங்க. முட்ட வேற வரும்."

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். கொம்பு மெத்தென்று வளைந்தது. அதுவும் வால் பக்கம் இருந்தது. நீலக் கண்கள் வெறும் புள்ளிகள். நிஜத் தலை கீழே மடங்கி, பயந்து ஒடுங்கிக் கிடந்தது.

பின்னால் கொம்பு, பொய்க் கண், என்னையே ஏமாற்றப் பார்த்ததே என்று அவர் பொருமினார். சுவருக்கு அந்தப் பக்கம் குட்டி கத்தியது. தூணிலிருந்து தாய் பதில் கொடுத்தது. அவர் காதில் எதுவும் விழவில்லை.

"இந்தச் சனியனுக்குப் பேர் என்னம்மா?"

அம்மை எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"விடிஞ்சதும் நீங்கதானே பேர் சொன்னீங்க, ஐயா. ஆடுன்னு."