நாக்பூர் வரைக்கும் பிடித்த வயர்

செங்கோடன் வாயைத் திறந்தால் கேட்கிறவனுக்கு வந்த வேலை மறந்துபோகும் என்பார்கள். எனக்கு மறக்கவில்லை. என் லாரிக்குள் நாலாயிரம் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள். நாமக்கல்லில் ஏற்றியது, பெருந்துறைப் பக்கம் ஒரு பண்ணையில் இறக்க வேண்டும். மூடிய வண்டி, உள்ளே ஆறு ஃபேன். சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் அரை மணி நேரம் தாங்காது. என் ஃபேன்களோ ஒரு நிமிடம் பேய் பிடித்த மாதிரி சுற்றின, மறு நிமிடம் சோர்ந்து நின்றன. வண்டி இருபத்தைந்து வருஷப் பழசு. போன வாரம் இதே கோளாறு என்று ஒரு கடையில் புது பேட்டரி வைத்தேன். இன்னொரு கடையில் டைனமோவை மாற்றினேன். சரியாகிவிட்டது என்று நம்பித்தான் லோடு ஏற்றினேன். சங்ககிரி பைபாஸில் செங்கோடனின் எலக்ட்ரிக் கடை முன்னால் நிறுத்தியபோது எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ஹாரன ஒருக்கா அடிங்கண்ணா" என்றார் செங்கோடன். அடித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "முப்பத்தொண்ணு வோல்ட்டு" என்றார்.

மீட்டரை வைத்துப் பார்த்தால் இருபத்திரண்டு. லாரிக்கு இருபத்தெட்டு இருக்க வேண்டும்.

"மீட்டருக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்று அதை ஓரமாக வைத்தார். "இதெல்லாம் ஒரு சார்ஜிங் கோளாறுங்களா? தொண்ணூத்தாறுல ஒரு முட்டை லாரி வந்துச்சு. டைனமோ அடிச்ச அடியில ஹெட்லைட்டு எரிஞ்ச எரிப்புக்கு, எதுத்தாப்புல பஸ்ஸுல வந்தவிய அத்தன பேரும் கறுத்துப் போயிட்டாங்க."

பக்கத்து டீக்கடை பாவாயி அக்கா எனக்கு டீ கொண்டுவந்தவர், போகாமல் நின்றார். "முட்டை என்னாச்சுப்பா?"

"பாதி அவிஞ்சிருச்சு. மீதி பொரிஞ்சிருச்சு. எடப்பாடி போறதுக்குள்ள கோழி லாரியாயிருச்சுங்க அக்கா."

"அண்ணா, என் குஞ்சு..." என்றேன்.

"உங்க குஞ்சுக்கு நானாச்சு" என்றார், பானெட்டைத் தொடாமல். "அதே வண்டி எங்கூர்ல நின்னப்ப கரண்ட் போயிருச்சு. டைனமோவுல இருந்து ஒரு வயர இழுத்து வுட்டேன். பதினோரு நாளு. அம்மன் நோம்பி சீரியல் லைட்டு, மைக் செட்டு, ரைஸ்மில்லு, எல்லாம் அதுலதான். கணக்கெடுக்கறவரு வந்து பானெட்டத் தொறந்து ரீடிங் எடுத்துட்டுப் போனாரு."

பாவாயி அக்கா என் டீயைத் தானே குடித்துவிட்டார்.

"அத வுடுங்க. ஒருக்கா நாக்பூர் லோடு. ரெகுலேட்டர் புட்டுக்கிச்சு. கடை கண்ணி இல்ல. நானே ரெகுலேட்டரா ஒக்காந்தேன். டைனமோ வயர இந்தக் கையில, பேட்டரி வயர அந்தக் கையில பிடிச்சேன். வோல்ட்டு ஏறுனா மூச்ச இழுப்பேன், எறங்குனா வுடுவேன். ஆயிரம் கிலோமீட்டரு. இருபத்தெட்டு வோல்ட்டு, முள்ளு அசையல."

"சோறு?"

"தின்னா வோல்ட்டு ஏறிருமுங்க அக்கா. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டிக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கத்துகிறவரைக்கும் கவலையில்லை, சத்தம் அடங்கினால்தான் பயம். "போதுங்கண்ணா, நான் வேற கடை பாத்துக்கறேன்" என்று எழுந்தேன்.

பாவாயி அக்கா விடவில்லை. "ரெண்டு கையிலயும் ரெண்டு வயரு. சரி. எர்த்து எங்கப்பா குடுத்த?"

செங்கோடன் முதல் தடவையாக யோசித்தார். "எர்த்துங்களா... வெறுங்கால சேசிஸ் மேல வெச்சுக்கிட்டனுங்க."

"பெயிண்டு மேலயா?"

"பெயிண்டச் சொரண்டிட்டுத்தான் வெச்சேன். அதுகூடத் தெரியாதுங்களா? பெயிண்டு மேல எர்த்து குடுத்தா நிக்குமா? வோல்ட்டு ஏறும், எறங்கும், ஏறும்..."

நிறுத்திவிட்டார்.

மூன்று பேரும் என் வண்டியைப் பார்த்தோம். பத்து நாளைக்கு முன்னால் ஆர்டிஓ ஆபீசில் எஃப்சிக்குக் காட்ட நானே பெயிண்ட் அடித்த வண்டி. ஆபீசர் ஒரு இடத்தில் துரு என்று சொல்லிவிடக் கூடாதென்று பேட்டரியைக் கழற்றி வைத்து, சேசிஸ் முழுக்க இரண்டு கோட்டிங் அடித்திருந்தேன். எர்த் வயரை அந்தப் பளபளப்பின் மேலேதான் வைத்து முடுக்கினேன்.

செங்கோடன் வண்டிக்கு அடியில் நுழைந்தார். போல்ட்டைக் கழற்றி, இரும்பு தெரிகிறவரைக்கும் எமரி பேப்பரால் தேய்த்து, திரும்ப முடுக்கினார். ஐந்து நிமிடம். ஸ்டார்ட் பண்ணினேன். மீட்டர் இருபத்தெட்டில் நின்றது. ஃபேன் ஆறும் ஒரே சீராகச் சுற்றின. கொஞ்ச நேரத்தில் நாலாயிரமும் பழையபடி கத்தத் தொடங்கின. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

செங்கோடன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாக்பூர் கதைய யாரும் நம்பல. இப்ப என்ன சொல்றீங்க அக்கா?"

பாவாயி அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தார். "இருவது வருஷமா உன் பேச்சக் கேக்கறேன். அதுல நெசம் இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. அதுவும் வாய் தவறி வந்தது."