மாசானம் எந்தப் பக்கம்?

இந்தக் கதையில் சில எண்கள் வரும். கேட்பவர்கள் அவற்றைக் கொஞ்சம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் எண்ணும் ஓர் ஆள்.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனை. புராஸ்டேட் புற்றுநோய்க்கான புது மருந்து ஒன்றை அங்கே சோதித்தார்கள். நோயாளிகளைச் சேர்ப்பதும், பிறகு வீடு தேடிப் போய் நலம் விசாரிப்பதும் நர்ஸ் ஆக்னஸின் வேலை. நூறு பேரைச் சேர்த்தாள். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. இந்தப் பக்கம் ஐம்பது, அந்தப் பக்கம் ஐம்பது. நோய் எலும்புவரை பரவி, சேரும்போதே ஒடுங்கிப் போயிருந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள்.

லாரி மெக்கானிக் மாசானம் அப்படி ஒருவர். கையெழுத்துப் போடத் தயங்கியவரிடம் பொறுமையாகப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் ஆக்னஸ். அவருக்குப் புது மருந்து விழுந்தது. மூன்றாம் மாதமே சோறு இறங்கவில்லை, கால் வீங்கிவிட்டது. பழைய மருந்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஆடியில் இறந்துபோனார். துக்கத்துக்குப் போன ஆக்னஸிடம் அவர் மனைவி உலகம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவுக செத்ததுல நாலு பேருக்காவது நல்லது நடக்குமா சிஸ்டர்?"

நடக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள் ஆக்னஸ்.

இரண்டு வருடம் முடிந்தது. புது மருந்தைத் தாங்க முடியாமல் பதினாலு பேர் பழையதற்கு மாறியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாசானத்தைப் போலவே முதலிலேயே நலிந்தவர்கள். அந்தப் பதினாலு பேரில் உயிரோடு இருந்தது நாலு பேர். புது மருந்தை விடாமல் சாப்பிட்ட முப்பத்தாறு பேரில் இருபத்தேழு பேர் இருந்தார்கள். பழைய மருந்துப் பக்கம் ஐம்பது பேரில் ஒருவரும் விலகவில்லை. முப்பத்துமூன்று பேர் இருந்தார்கள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். தலைமை மருத்துவர் சங்கரநயினார், அந்தப் பதினாலு பேரை விட்டுவிடலாம் என்றார். மருந்தை நிறுத்தியவர்களை வைத்து மருந்தை எப்படி அளப்பது? அப்படிப் பார்த்தால் புது மருந்தில் பிழைத்தவர் நூற்றுக்கு எழுபத்தைந்து, பழையதில் அறுபத்தாறு. புது மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து வந்திருந்த வரதன், அவர்களைப் பழைய மருந்தோடு சேர்க்கச் சொன்னார். கடைசியில் சாப்பிட்டது அதைத்தானே. அப்போது பழையது ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிடும். புள்ளிவிவரம் பார்க்கும் ஷமீமாவோ, குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தார்களோ அந்தப் பக்கத்திலேயே எண்ண வேண்டும் என்றாள்.

சங்கரநயினார் கெட்டவர் இல்லை. புது மருந்து எப்போது வரும் என்று வராந்தாவில் காத்துக்கிடப்பவர்களுக்குத் தினமும் பதில் சொல்பவர். அவர் ஆக்னஸைப் பார்த்தார்.

"எல்லாரையும் நேர்ல பாத்தவ நீதாம்மா. மாசானத்த எந்தப் பக்கம் எழுத?"

மூவரில் யார் சொன்னது சரி? மாசானத்தின் சாவை எந்தப் பக்கம் எழுத வேண்டும்?

விடை: ஷமீமா சொன்னதே சரி. விலகியவர்களை எடுத்துவிட்டால் புது மருந்துப் பக்கம் மிஞ்சுவது திடமானவர்கள். பழைய மருந்துப் பக்கமோ நலிந்தவர்களும் எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கிறார்கள். வரதன் வழியில் போனால் மாறியவர்களில் இறந்த பத்துப் பேரின் சாவும் பழைய மருந்தின் தலையில் விழும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கத்தான் குலுக்கிப் போட்டார்கள். உடம்பு தாங்காமல் போனதும் புது மருந்தின் விளைவுதான். சரியாக எண்ணினால் புதியதில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று, பழையதில் முப்பத்துமூன்று. புதியது மேல் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆக்னஸ், "புது மருந்துப் பக்கம்தான் சார்" என்றாள். சங்கரநயினார் மறுக்கவில்லை, அறிக்கை அப்படியே போயிற்று. மறுநாள் காலை வராந்தாவில் இருந்தவர்களிடம் அந்த மருந்து வராது என்று சொல்லும் வேலையும் ஆக்னஸுக்கே வந்தது.