ஊற்றடியில் இன்யாக்

மேற்குச் சுமத்ராவின் மலைகளுக்குள் லுபுக் சீலா என்றொரு ஊர் இருந்தது. சந்தை ஊரோடு பஸ் நின்றுவிடும். அங்கிருந்து பாதி தூரம் குதிரை வண்டி. சேறு அச்சு வரைக்கும் ஏறியதும் வண்டிக்காரன் கையை விரித்துவிடுவான். அப்புறம் அட்டை கடிக்கும் காட்டு வழியில் நடை. ஆறு குறுக்கிட்டால் மூங்கில் தெப்பம். இரு கரைக்கும் கட்டிய கயிற்றை நாமே பிடித்து இழுத்துப் போகவேண்டும். மழை வலுத்தால் தெப்பமும் இல்லை. வந்தவர் வந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

அந்த ஊரில் நிலமும் வீடும் பெண்களுடையவை. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் தன் மனைவியின் வீட்டில் வாழ்வான். மனைவி இறந்துவிட்டால் அவனை அவனுடைய தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

மீரா நெய்னாவை அப்படி விட முடியவில்லை. அவருடைய தாய் வீடு நாகப்பட்டினத்தில் இருந்தது, கடலுக்கு அந்தப் பக்கம். துணி மூட்டை சுமந்து வியாபாரத்துக்கு வந்தவர், நூர்லைலாவை மணந்துகொண்டு முப்பது வருஷம் அங்கேயே தங்கிவிட்டார். அவள் இறந்த நூறாம் நாள், அவளுடைய அண்ணனும் குலத்தலைவருமான டத்தோ வந்தார். நெய்னாவின் தலையணையையும் இரண்டு லுங்கிகளையும் பெரிய மரியாதையோடு தானே சுமந்துகொண்டுபோய் சுராவில் வைத்தார். சுராவ் என்பது தொழுகைக் கூடம். வீடில்லாத ஆண்கள் தூங்குவதும் அங்கேதான்.

சுராவில் ஓதிக் கொடுப்பவரை எல்லோரும் இன்யாக் என்று அழைத்தார்கள். பாட்டனார் என்று பொருள். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. நெய்னாவுக்கு ஐம்பத்தாறு. இருந்தும் அவர் முன்னால் ஓத உட்கார்ந்த நாளிலிருந்து நெய்னாவும் இன்யாக் என்றே அழைத்தார்.

அந்தக் காட்டில் இன்னொருவருக்கும் அதே பெயர் உண்டு. புலியை அங்கே யாரும் புலி என்று சொல்வதில்லை. அதுவும் இன்யாக்தான்.

ஒரு நாள் விடிந்ததும் நெய்னா மெழுகுத் துணியில் ஒரு காகிதத்தைச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். இன்யாக் படிக்கட்டில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்யாக், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்த மண்ணுல எனக்குன்னு என்ன இருக்கு?"

"இவ்வளவு சீக்கிரம் எங்க கிளம்பிட்டீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"பதில் சொன்னா போகாம இருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்கு அவசரம்?" என்று இன்யாக் அடுத்த விரலுக்குப் போனார்.

நெய்னா போக நினைத்தது மாவட்ட அலுவலகத்துக்கு. ஊருக்கு மேலே ஒரு மலைச்சரிவு இருந்தது. நூர்லைலாவின் குலத்து நிலம். வெறும் புல் மண்டிக் கிடந்ததை அவர்தான் வெட்டித் திருத்தி லவங்கப்பட்டை மரம் வைத்தார். ஒவ்வொரு கன்றுக்கும் அவர் கையால் குழி. இப்போது மரங்கள் அவர் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரம். நூர்லைலா போனதும் சரிவு மகள் யுஸ்னிக்குப் போய்விட்டது. அதைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்லி நெய்னா மனு எழுதியிருந்தார்.

முந்தின நாள் யுஸ்னியிடம் சொன்னார். அவள் வீட்டு ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

"மனு கொடுத்துட்டு வந்தீங்கன்னா, அதுக்கப்புறம் இந்த ஏணியில ஏறாதீங்க வாப்பா."

அந்த வீட்டில் அவர் விதைத்த ஒரே தமிழ்ச் சொல் அந்த வாப்பாதான். இரவெல்லாம் அது காதிலேயே இருந்தது. நிலம்தான் வேண்டுமா, இல்லை இது உன்னுடையது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டுமா என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. தெரியாமலேயே காகிதத்தை இடுப்பில் கட்டியிருந்தார்.

இன்யாக் எழுந்தார்.

"மேட்டு ஊர்ல ஒரு நிக்காஹ். நானும் அந்த வழிதான். நான் முன்னால போறேன். நீங்க சோறு கட்டிக்கிட்டு வாங்க. ஊற்றடியில உக்காந்திருக்கேன். அங்க பேசுவோம்."

ஊற்று, சரிவின் உச்சியில் இருந்தது. நெய்னாவின் கடைசி மரம் நிற்கும் இடம். அதற்குப் பிறகு காடு.

நெய்னா வாழையிலையில் சோறும் மிளகாய்த் துவையலும் கட்டிக்கொண்டு ஏறினார். பாதி வழியில் பிரம்பு வெட்டும் ஸைனுல் எதிரே வந்தான். வேகமாக இறங்கிக்கொண்டிருந்தான். தோளில் பிரம்புக் கட்டு.

"மேல போகாதீங்க. ஊற்றடியில இன்யாக் இருக்காரு."

முப்பது வருஷம் அந்த ஊரில் இருந்தவருக்கு அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் தெரியும். ஆனால் மனசு முழுக்க மனு. ஒரு பொருள்தான் காதில் விழுந்தது.

"தெரியும். எனக்காகத்தான் இருக்காரு."

ஸைனுல் நின்றுவிட்டான். "உங்களுக்காகவா?"

"காலையிலயே சொல்லிட்டுத்தான் போனாரு."

"உங்ககிட்டயா? சொன்னாரா?"

"ஏன், எங்கிட்டப் பேசக் கூடாதா? கோவமா இருக்காரா?"

"கோவமெல்லாம் இல்ல. படுத்திருக்காரு."

"ஏறின களைப்பு. ஏதாவது சாப்பிட்டாராமா?"

"வயித்தப் பாத்தா சாப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு."

"அடடா. நான் சோறு கட்டிக்கிட்டு வந்துட்டேனே."

ஸைனுல் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். தோளிலிருந்த பிரம்புக் கட்டு நழுவி விழுந்தது.

"வெளியூர்க்காரருன்னு உங்கள என்னவோன்னு நெனச்சிருந்தேன்," என்றான். கட்டை எடுக்காமலேயே இறங்கிப் போனான்.

நெய்னா தன் மரங்களுக்கு நடுவே ஏறினார். முந்தின இரவின் மழை இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இன்யாக் வழக்கமாகப் பாட்டு முணுமுணுப்பார். சத்தம் இல்லை. குரங்குகளும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

"இன்யாக்! வந்துட்டேன். என் இடத்துல உக்காந்துக்கிட்டு எனக்கு என்ன இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

கடைசி மரத்தைத் தாண்டினார்.

ஊற்றுக்குப் பக்கத்தில், எல்லைக்கு என்று அவரே நட்ட கல்லின்மேல் தாடையை வைத்துப் புலி படுத்திருந்தது.

அது அவரைப் பார்த்தது. இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஓட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அதன் முகம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அது மூச்சு விட்டபோது கல்லின் மேலிருந்த ஈரம் அசைந்தது. தோள் எலும்புகளின் மேல் கோடுகள் ஏறி இறங்கின. கஸ்தூரியும் ஈர மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாடை. உலகம் படைக்கப்பட்ட நாளில் இந்த வாடைதான் இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. தன் பெயர் மறந்தது. இடுப்பிலிருந்த காகிதமும் மறந்தது.

அந்த ஊர் மொழியில் நும்பாங் என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவர் வண்டியில் ஏறிக்கொள்வது நும்பாங். அடுத்தவர் வீட்டில் தங்குவதும் நும்பாங். அடுத்தவர் முற்றத்தின் வழியே நடக்கும்போது குனிந்து சொல்வதும் அதையேதான். காட்டு வழியிலும் அதைச் சொல்ல வேண்டும் என்று கல்யாணமான புதிதில் நூர்லைலா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

நெய்னா மெதுவாகக் குனிந்தார். வலது கையைத் தரையை நோக்கி நீட்டினார்.

"பாட்டனாரே, பேரன் நும்பாங். கொஞ்சம் வழி விடணும்."

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

புலி எழுந்தது. அவசரமே இல்லை. ஊற்றில் தண்ணீர் குடித்தது. நக்கிக் குடிக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் அவர் எண்ணாமல் எண்ணினார். பிறகு திரும்பி, அவர் நட்ட மரங்களின் வரிசையோடு, வழக்கமாக நடக்கிறவர் நடப்பது போல நடந்தது. ஒரு மரத்தில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. காட்டுக்குள் போனது. கடைசியாக மறைந்தது வால் நுனி.

மண்ணில் பதிந்த காலடிகளில் ஊற்று நீர் ஊறி நிரம்பியது. நெய்னா அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து இன்யாக் வந்தார். முழங்கால் வரை சேறு.

"ஆத்தோரமா வந்தேன். அங்க மலை சரிஞ்சு வழி மூடிக்கிச்சு. சுத்திக்கிட்டு வந்தேன். ரொம்ப நேரமாச்சா?"

நெய்னா காலடியைக் காட்டினார்.

இன்யாக் குனிந்து பார்த்தார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன செஞ்சீங்க?"

"நும்பாங்னு சொன்னேன்."

"எங்க நின்னுக்கிட்டு?"

நெய்னா தான் நட்ட எல்லைக் கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"சோறு இருக்கா?" என்றார் இன்யாக்.

இலையைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். இன்யாக் ஒரு வாய் உருட்டியபடி, "மனுவைக் கொஞ்சம் படிங்க, கேக்கலாம்," என்றார்.

நெய்னா மெழுகுத் துணியை அவிழ்த்தார். காகிதம் நனையாமல் இருந்தது.

"கிழக்கே ஆறு. வடக்கே டத்தோவின் வயல். தெற்கே யுஸ்னியின் வீடு. மேற்கே காடு, ஆள்..."

நிறுத்தினார்.

"மேற்கே?"

"காடு, ஆள் இல்லைன்னு எழுதியிருக்கேன்."

இன்யாக் காட்டைப் பார்த்தார். சோற்றை வாயில் போட்டு மென்றார்.

நெய்னா காகிதத்தை மடித்தார். மடித்ததை இடுப்பில் கட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தார். மேலே போகும் வழி மாவட்ட அலுவலகத்துக்கு. கீழே, மரங்களின் தலைகளுக்கு நடுவே, மகள் வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"இன்யாக், அவ வீட்டு ஏணியடியில போய் நின்னா நான் என்னன்னு கேக்குறது?"

இன்யாக் இலையைச் சுருட்டினார். ஊற்றில் கை கழுவினார்.

"இங்க ஒருத்தர்கிட்ட வழி கேட்டீங்களே," என்றார். "அவ்வளவு பணிவு வேண்டாம். மகள்தானே. பாதி போதும்."